மூன்று நிமிடத்தில் நூற்று நான்கு சுற்று

எட்டு மாதம், 14,340 ரூபாய், ஒரு நாதஸ்வர பிளேட் (இசைத்தட்டு). பரணில் கிடந்த ஒரு ரிக்கார்டு பிளேயரைப் பாட வைக்க எனக்கு ஆன செலவு இது. கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் ஆரம்பித்தபோது யாராவது இப்படி ஒரு கணக்கை என் முகத்துக்கு நேரே நீட்டியிருந்தால் கொஞ்சம் நிதானமாகப் போயிருப்பேன். இந்த வேலைக்கு உண்மையில் தேவைப்பட்டது இரண்டாயிரத்து ஐந்நூறுக்குள்தான். மிச்சம் எல்லாம் என் அவசரத்துக்கும் அறியாமைக்கும் கட்டிய வட்டி.

சித்தப்பா கோவில்பட்டிப் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தவர். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் வேப்பமரத்தில் குழாயைக் கட்டி, விடியற்காலையிலேயே ரேடியோ செட்டு போட்டுவிடுவார். கேசட் வந்த பிறகு பிளேயர் பெட்டி பரணேறியது. மேலே தகரக் கூரை. முப்பத்தைந்து கோடையை அங்கேயே கழித்திருக்கிறது. தை மாதம் பேத்திக்குக் கல்யாணம் முடிவானதும், காலையில் முதல் பாட்டு அவருடைய பிளேயரிலேயே ஓடட்டும் என்று எனக்கு ஓர் ஆசை. அவருக்குத் தெரியக்கூடாது, கல்யாணத்தன்றுதான் பார்க்க வேண்டும். சித்தியை மட்டும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, ஆடி மாதம் ஒரு மத்தியானம் அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது பெட்டியையும் ஒரு கட்டு பிளேட்டையும் இறக்கி மதுரைக்குக் கொண்டுவந்துவிட்டேன். அந்த ரகசியம்தான் எனக்கு வினையாகப் போகிறது என்று அப்போது தெரியாது.

உள்ளே இருந்தது இங்கிலாந்தில் ஸ்விண்டன் ஊரில் செய்த கேரார்டு பிளேயர். நிமிடத்துக்கு 16, 33, 45, 78 சுற்று என்று நான்கு வேகம். பாட்டு முடிந்ததும் முள்ளைத் தாங்கும் கை தானாக எழுந்து ஓரத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும் வகை. துடைத்ததும் பளபளவென்று ஆகிவிட்டது. வெளியே இவ்வளவு நன்றாக இருக்கிறதே, உள்ளே என்ன கெட்டிருக்கப் போகிறது என்று நேராக பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டேன். டப் என்று ஒரு வெடி, வெள்ளைப் புகை, மீன் கருகினாற்போல ஒரு நாற்றம். மனைவி ஓடிவந்து பார்த்த பார்வையை எழுத வேண்டியதில்லை.

வெடித்தது கண்டன்சர். சுவிட்சை அணைக்கும்போது தீப்பொறி பறந்து ஸ்பீக்கரில் டொப் என்று கேட்காமல் இருக்க, சுவிட்சின் இரு முனைக்கும் நடுவே ஒரு சின்னக் கண்டன்சர் போட்டிருப்பார்கள். பழைய காகிதக் கண்டன்சர் வயதானால் காற்றின் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும், கரண்ட் பட்டதும் போய்விடும். அதன் மதிப்பைப் படித்து அதே மதிப்பில் புதியது வாங்க வேண்டும். ஆனால் எக்ஸ்2 என்று அச்சிட்ட, 275 வோல்ட் ஏ.சி.க்கானதுதான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். மின்வாரியக் கரண்ட் நேரடியாகப் படும் இடத்தில் சாதாரணக் கண்டன்சர் போடக் கூடாது. விலை நாற்பது ரூபாய்கூட இல்லை. அதைவிட முக்கியம், பல வருடம் கிடந்த எந்தச் சாதனத்துக்கும் முதல் கரண்ட்டை சீரிஸ் போர்டு வழியாகக் கொடுப்பது. ஒரு ஹோல்டரில் பழைய 100 வாட் குண்டு பல்பு, அதோடு தொடரில் ஒரு சாக்கெட், அவ்வளவுதான். எந்த எலக்ட்ரீசியனும் கட்டிக் கொடுப்பார், எனக்கு 250 ஆனது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும், பிளேயர் பிழைத்துக்கொள்ளும். எல்லாம் சரியாக இருந்தால் இந்தச் சின்ன மோட்டாருக்குப் பல்பு லேசாக மினுங்கினாலே அதிகம். அதோடு, அந்தக் காலத்து வயரின் ரப்பர் உறை கையால் தொட்டாலே பொடிப்பொடியாக உதிரும். அதை மாற்றி, மூன்று முள் பிளக் போட்டு, பெட்டிக்குள் இருக்கும் இரும்புத் தகட்டுக்கு எர்த் கொடுத்த பிறகுதான் மேற்கொண்டு கை வைக்க வேண்டும். இதில் விளையாட்டு வேண்டாம்.

இரண்டாவது முறை வெடிக்கவில்லை. மோட்டார் ங்ங்ங் என்று உறுமியது, சுற்றவில்லை. சக்கரத்தில் எண்ணெய் காய்ந்திருக்கும் என்று நினைத்து, துருப்பிடித்த நட்டைக் கழற்ற அடிக்கிற ஸ்ப்ரேயை மோட்டார் தண்டின் மேலும் கீழும் பீய்ச்சினேன். உடனே சுற்றியது. இவ்வளவுதானா என்று எனக்கு ஒரே பெருமை. மூன்றாம் நாள் மறுபடி உறுமல். அந்த ஸ்ப்ரே பழைய பிசினைக் கரைக்கும், ஆனால் மசகாக நிற்காது, ஆவியாகிப் போய்விடும். கரைந்த பிசின் மறுபடி இறுகியதுதான் மிச்சம். போதாததற்கு பீய்ச்சியதில் பாதி ரப்பர் சக்கரத்தின் மேலும் பட்டு அதை வழுக்க வைத்துவிட்டது.

அப்போதுதான் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். கடை வாசலில் பழைய ரேடியோ நாலைந்து அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்து நம்பிவிட்டேன், எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. 3,500 ரூபாய், பத்து நாளில் தருகிறேன் என்றார். பத்து நாள் இரண்டரை மாதமானது. ஒவ்வொரு சனிக்கிழமையும் போவேன், டீ வாங்கிக் கொடுப்பார், பார்ட்ஸ் வரவில்லை என்பார். கடைசியில் தீபாவளிக்கு முந்தின வாரம் திருப்பி வாங்கி வந்து பார்த்தால் தண்டு நிறைய தேங்காய் எண்ணெய். கிண்ணத்தில் ஊற்றின மாதிரி. மார்கழிக் குளிரில் பாட்டிலுக்குள் உறைகிற எண்ணெயை மோட்டாரில் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், அதோடு கொஞ்ச நாளில் காறிப் பிசுபிசுத்தும் போகும். அவர்மேல் கோபம் வந்தது, அதைவிட என்மேல். நான் கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்வி: இதே மாதிரி பிளேயர் கடைசியாக எப்போது சரிசெய்தீர்கள், அது இப்போது எங்கே பாடுகிறது? ரேடியோ பார்க்கிறவர் எல்லோருக்கும் பிளேயர் தெரியும் என்பதில்லை. பிளேயரில் முக்கால்வாசி வேலை தையல் மெஷின் வேலை மாதிரி, இரும்பும் எண்ணெயும் ஸ்பிரிங்கும்தான்.

சரி, நாமே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். நடுவில் இருக்கிற லாக்கை எடுத்தால் சுழல் தட்டு மேலே வந்துவிடும். (அந்த லாக் துள்ளிப் பறக்கும். மேலே ஒரு துணியைப் போட்டுக்கொண்டு எடுங்கள், நான் கட்டிலுக்கு அடியில் ஒரு மணி நேரம் தவழ்ந்தேன்.) மோட்டாரைக் கழற்றி தண்டைத் தாங்கும் இரண்டு பக்கத்து பித்தளை புஷ்ஷையும் ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஒரு வகை ஸ்பிரிட்) ஊற்றி, பஞ்சு கறுக்காமல் வரும்வரை துடைத்தேன். இந்த புஷ் வெறும் பித்தளை மாதிரி தெரிந்தாலும் நுண்ணிய துளைகள் கொண்டது, எண்ணெயைக் குடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். அதனால் ஒரு ராத்திரி முழுக்க லேசான மெஷின் எண்ணெயில் ஊறப் போட்டேன். மறுநாள் பூட்டும்போது திருகுகளை ஒரேயடியாக முறுக்கினால் தண்டு கடித்துக்கொள்ளும். குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, நடுநடுவே விரலால் சுற்றிப் பார்த்து, கடித்தால் ஸ்குரூ டிரைவர் பிடியால் மெல்லத் தட்ட வேண்டும். விரலால் சுண்டிவிட்டால் நாலைந்து விநாடியாவது தானாகச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்துவிட்டேன் என்று சுவிட்சைப் போட்டால் தட்டு கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது! பதினைந்து நிமிடம் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. பிளக்கைத் திருப்பிச் சொருகிப் பார்த்தேன், சிரிக்காதீர்கள். இந்த மோட்டாரில் இரும்புத் துருவங்களின் ஒரு மூலையில் தடித்த செம்பு வளையம் போட்டிருக்கும், எந்தப் பக்கம் சுற்றுவது என்பதை அந்த வளையம் இருக்கும் இடம்தான் தீர்மானிக்கிறது. சுருள் இருக்கும் இரும்புக் கட்டை மேல்கீழாகப் புரட்டிப் பூட்டிவிட்டால் மோட்டார் நிம்மதியாக எதிர்ப்பக்கம் சுற்றும். நான் அதைத்தான் செய்திருந்தேன். கழற்றுவதற்கு முன்னால் ஒரு மார்க்கர் கோடு, நாலு கோணத்தில் போன் படம், இது இருந்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகியிருக்கும். அதே சமயத்தில் வோல்டேஜ் கட்டையையும் பார்த்துக்கொள்ளுங்கள். பல மோட்டார்களில் 110க்கு ஒரு மாதிரி, 230க்கு ஒரு மாதிரி இணைப்பை மாற்றிப் போடும் வசதி உண்டு. அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்த பிளேயர் என்றால் டிரான்ஸ்பார்மர் மட்டும் போதாது. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50, அதனால் எல்லாப் பாட்டும் ஆறில் ஒரு பங்கு மெதுவாக, தூக்கக் கலக்கத்தில் பாடுவது போல ஓடும். மோட்டார் தண்டின் முனையில் இருக்கும் புல்லியை மாற்றினால்தான் தீரும்.

அடுத்தது ரப்பர் சக்கரம். பெல்ட் இல்லாத பிளேயரில் மோட்டார் புல்லிக்கும் தட்டின் உள் விளிம்புக்கும் நடுவே ஒரு சின்ன ரப்பர் சக்கரம் அழுந்திக்கொண்டு நிற்கும், அதுதான் சுற்றைக் கடத்துகிறது. பிளேயரை அணைக்காமல் அப்படியே பரணில் போட்டால், புல்லி அழுந்திய இடத்தில் சக்கரத்துக்குப் பள்ளம் விழுந்துவிடும். பாட்டுக்கு நடுவே டுக்கு டுக்கு என்று ஒரு சீரான தட்டல் கேட்டால் அதுதான். கையடக்கமான இந்தச் சக்கரத்துக்காக இணையத்தில் ஒருவருக்கு 1,800 முன்பணம் அனுப்பினேன். அசல் அளவு, ஒரு நூல் பிசகாது என்றார். சக்கரமும் வரவில்லை, அப்புறம் ஆளும் போனை எடுக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால் அந்த அசல் அளவு எனக்குத் தேவையே இல்லை. நடுவில் இருக்கிற சக்கரம் பெரிதானாலும் சிறிதானாலும் தட்டின் வேகம் மாறாது. புல்லியின் விளிம்பு எவ்வளவு வேகத்தில் நகர்கிறதோ அதே வேகத்தைச் சக்கரம் வாங்கித் தட்டிடம் கொடுக்கிறது, வெறும் தரகர். வேகத்தைத் தீர்மானிப்பது புல்லியின் விட்டமும் தட்டின் விட்டமும்தான். சக்கரம் சுத்த வட்டமாக இருக்க வேண்டும், ரப்பர் பிடிப்பாக இருக்க வேண்டும், அது போதும். இதை முன்பே கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் அசல் அளவு என்ற பேச்சில் மயங்கியிருக்க மாட்டேன்.

ரப்பர் வெறுமனே பளபளத்து வழுக்கினால் நைஸ் உப்புத்தாளை லேசாகக் காட்டி மேல்தோலை எடுத்துவிட்டு, ஐ.பி.ஏ. தொட்ட துணியால் துடைத்தாலே பிடித்துக்கொள்ளும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை மட்டும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். என்னுடையது கல்லாகிப் பள்ளமும் விழுந்தது, உப்புத்தாளுக்கு மசியவில்லை. வழி காட்டியது ஆபீஸில் கூட வேலை பார்க்கிற சிவகாசிக்காரர். அவர் ஊரில் அச்சகம் எத்தனை, அத்தனை அச்சு மெஷினிலும் ரப்பர் ரோலர் இருக்கிறது, தேய்ந்தால் பழைய ரப்பரை உரித்துப் புதிது போட்டுக் கடைந்து தருகிற பட்டறை இல்லாமல் இருக்குமா? ஆளுயர ரோலர்களுக்கு நடுவே என் சக்கரத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டியபோது அங்கிருந்த பெரியவர் சிரித்துவிட்டார். ஒரு வாரத்தில் போட்டுக் கொடுத்தார், 600 ரூபாய். அசைவே இல்லாத வட்டம். இந்த மொத்தக் கதையில் நான் சந்தோஷமாகக் கொடுத்த பணம் அது ஒன்றுதான்.

தட்டு சுற்றுகிறது, சத்தம் வரவில்லை. வால்யூமைக் குறைத்து வைத்துக்கொண்டு, முள்ளின் அசைவைக் கரண்ட்டாக மாற்றும் கார்ட்ரிஜுக்குப் போகும் சின்ன வயர் முனையை விரலால் தொட்டால் ஸ்பீக்கரில் ம்ம்ம் என்று இரைச்சல் வந்தது. அப்படி வந்தால் ஆம்ப்ளிஃபயரும் வயரும் நல்லாயிருக்கிறது, செத்தது கார்ட்ரிஜ் என்று அர்த்தம். அந்தக் காலத்து கார்ட்ரிஜ்களில் பல ரோஷெல் உப்பு என்கிற படிகத்தால் ஆனவை. ஈரம் பட்டால் கரையும், 55 டிகிரிக்கு மேல் சூடானால் படிகம் சிதையும். தகரக் கூரைக்குக் கீழே அது எத்தனை வருடம் தாங்கியிருக்கும்? இதைச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். இங்கேதான் என் பெரிய நஷ்டம். சென்னை போனபோது ரிச்சி தெருவில் விசாரித்து, நல்லதாகவே போடுவோம் என்று 4,200 ரூபாய்க்கு ஒரு மேக்னடிக் கார்ட்ரிஜ் வாங்கினேன். மாட்டினால் காதை ஸ்பீக்கரில் ஒட்டிவைத்துக் கேட்கிற அளவுக்குத்தான் சத்தம். படிகம் அல்லது செராமிக் வகை சில நூறு மில்லிவோல்ட் கொடுக்கும், மேக்னடிக் கொடுப்பது மூன்று, நான்கு. அந்தச் சின்ன சத்தத்தை முதலில் பெருக்கித் தர, அதற்கென்று தனியாக ஒரு ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டும். அது மட்டுமில்லாமல், இந்தப் பழைய கனத்த கைக்கும் அந்த மென்மையான முள்ளுக்கும் பொருந்தவும் இல்லை. அது இன்னும் டப்பாவில்தான் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள்.

சரியான விடை இப்போது சூட்கேஸ் மாதிரி வருகிற மலிவு பிளேயர்களில் இருக்கும் சிவப்பு முள் செராமிக் கார்ட்ரிஜ், 450 ரூபாய். வாங்கினேன், அதன் பின்னால் இருக்கும் ஊசிகளில் நேரடியாக ஈயம் வைத்துப் பற்றவைத்தேன், உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் இளகி ஊசி சாய்ந்து செத்துப் போனது. இன்னொரு 450. வயரின் முனையில் சின்ன கிளிப்பைத் தனியாகப் பற்றவைத்து, ஆறியபிறகு ஊசியில் சொருக வேண்டும். முள் அழுத்தம் ஐந்து, ஆறு கிராம் இருக்கும்படி கைக்கு அடியில் உள்ள ஸ்பிரிங்கைத் திருகினேன். சமையலறைத் தராசு இதற்கு உதவாது, நகை நிறுக்கிற சின்ன டிஜிட்டல் தராசு 350 ரூபாய்க்குக் கிடைக்கிறது. சத்தம் வந்தது, ஆனால் மிருதங்கமே இல்லாத கச்சேரி மாதிரி ஒல்லியாக வந்தது. இப்போதைய ஸ்பீக்கர்களில் வெளியிலிருந்து வயர் சொருகும் ஆக்ஸ் வழி இந்த வகை கார்ட்ரிஜுக்குத் தோதானதல்ல, கனத்த ஒலியெல்லாம் அங்கேயே விழுங்கப்பட்டுவிடும். இரண்டு பக்க வயரிலும் தொடரில் ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டேன், சத்தம் குறைந்தது, ஆனால் மிருதங்கம் திரும்பி வந்துவிட்டது. ஒரு ரெசிஸ்டர் ஒரு ரூபாய். இன்னொன்று, இந்த முள் எல்பிக்கும் (33 வேகத்தில் ஓடும் பெரிய பிளேட்) 45க்கும் மட்டும்தான். 78 பிளேட்டின் பள்ளம் அகலம், அதற்கு மூன்று மடங்கு பருத்த முனை வேண்டும், இல்லாவிட்டால் பள்ளத்தின் அடியில் உரசிக்கொண்டு கரகரவென்று ஓடும்.

78 என்றதும் அந்த நாதஸ்வர பிளேட்டைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எந்தக் கல்யாணமானாலும் சித்தப்பா முதலில் போடுவது அதுதான். தூசும் பூஞ்சையுமாக இருந்தது. எல்பியை எல்லாம் ஐ.பி.ஏ. கலந்த தண்ணீரில் துடைத்துச் சுத்தமாக்கியிருந்தேன், அதே கையோடு இதையும் துடைத்தேன். துணி கறுப்பானது. இவ்வளவு அழுக்கா என்று இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, வந்தது அழுக்கில்லை, பிளேட்டே கரைந்து வருகிறது. 78 பிளேட் அரக்கில் செய்தது. ஆசாரி மரத்துக்கு பாலிஷ் போட அரக்கை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில்தானே. அது எனக்குத் தெரியும், சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், ஆனால் அந்த நேரத்தில் தோன்றவில்லை. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. அரக்கு பிளேட்டுக்கு வெறும் தண்ணீரில் துளி சோப்பு, மெல்லிய துணி, உடனே ஈரம் ஒற்றி எடுத்துவிடுவது, இதைத் தாண்டி எதுவும் வேண்டாம். நடுவில் இருக்கும் காகித லேபிள் நனையவும் கூடாது.

கல்யாணம் வந்தது, போனது. பிளேயர் தயாராகவில்லை. கை தானாகத் திரும்பும் பொறியில் பழைய கிரீஸ் கருப்பட்டி மாதிரி இறுகிக் கிடந்தது, அதைச் சுரண்டி எடுக்கவே இரண்டு ஞாயிறு போயிற்று. பாட்டு முடிகிற இடத்தில் பள்ளம் சட்டென்று உள்ளே ஓடும், கையும் வேகமாக உள்ளே போகும், அந்த வேகத்தை உணர்ந்து ஒரு சின்னத் தகடு பல்லில் மாட்டிக் கையைத் தூக்கிவிடும். அந்தத் தகடு காற்றடித்தால் அசைகிற அளவுக்கு லேசாக இருக்க வேண்டும், எண்ணெய் படவே கூடாது. நான் எல்லாவற்றுக்கும் விட்ட மாதிரி அதற்கும் ஒரு சொட்டு விட்டேன். எண்ணெய்ப் பசையில் அது ஒட்டிக்கொண்டு, சரணத்துக்கு நடுவிலேயே கை எழுந்து போய்விடும். கல்யாணத்தில் போனை ப்ளூடூத் ஸ்பீக்கரில் மாட்டிப் பாட்டு போட்டார்கள். சித்தப்பா பந்தலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார், சித்தி என்னைப் பார்த்தாள், நான் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வேறு பந்திக்குப் போய்விட்டேன்.

மாசியில் எல்லாம் ஓடத் தொடங்கியது. ஆனால் பாட்டு ஏதோ கொஞ்சம் துரத்துகிற மாதிரி இருந்தது. வேகம் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு: தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, மூன்று நிமிடத்துக்கு எண்ணுங்கள். 33 வேகம் என்பது உண்மையில் வெறும் முப்பத்து மூன்று இல்லை, முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும், எனவே மூன்று நிமிடத்தில் சரியாக நூறு சுற்று வர வேண்டும். எனக்கு நூற்று நான்கு வந்தது. 180 கோடு போட்ட ஸ்ட்ரோப் தாளை அச்செடுத்துத் தட்டின்மேல் வைத்துப் பார்த்தேன். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டில் பழைய சோக் போட்ட டியூப் லைட் வெளிச்சத்தில் வேகம் சரியாக இருந்தால் கோடுகள் அப்படியே நின்றுவிடும். (இப்போதைய எல்இடி பல்புகள் பலவற்றில் இது தெரியாது, நான் முதலில் அதில் பார்த்து ஏமாந்தேன்.) என் கோடுகள் தட்டோடு சேர்ந்து முன்னால் ஓடின. நான்கு சதவீதம் வேகம். மெதுவாக ஓடினால் நூறு காரணம் சொல்லலாம், எண்ணெய், ரப்பர், அழுத்தம். வேகமாக ஓட என்ன காரணம்? மின்வாரியத்தைச் சந்தேகித்தேன், அலைவெண் நான்கு சதவீதம் ஏறினால் ஊரே இருண்டிருக்கும். சிவகாசிப் பெரியவரைச் சந்தேகித்தேன், சக்கரத்தின் அளவு வேகத்தை மாற்றாது என்று நானே கண்டுபிடித்ததை மறந்துவிட்டு. மோட்டாரைத் திரும்பவும் பிரித்தேன். மூன்று வாரம். பிறகு சலித்துப் போய், இருக்கட்டும், யாருக்குத் தெரியப் போகிறது என்று பெட்டியை மூடி, பங்குனியில் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

திண்ணையில் வைத்துத் திறந்தபோது சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியின் மூடியை ஒரு தடவை தடவிப் பார்த்தார். நான் ஒரு எல்பியைப் போட்டு முள்ளை வைத்தேன். முதல் வரி முடிவதற்குள் தலையைச் சாய்த்து, "ஏல, சுதி ஏறி நிக்கி" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "புல்லியில டேப்பு சுத்தியிருப்பேனே, அத எடுக்கலையா நீ?"

அப்போதெல்லாம் கிராமத்துக் கடைசிக் கம்பத்தில் 230 எங்கே வந்தது? கிணற்று மோட்டார்கள் ஓட ஆரம்பித்தால் 180க்கு இறங்கிவிடும், பிளேயர் இழுக்கும், பாட்டு தொய்யும், பந்தலில் இருக்கிறவர்கள் கத்துவார்கள். புல்லியில் ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு படி உண்டு. அதற்காக 33க்கான படியில் மட்டும் இரண்டு சுற்று செல்லோ டேப் சுற்றி விட்டம் ஏற்றி வைத்திருக்கிறார். அந்தப் படி ஐந்து மில்லிமீட்டர் பருமன்தான், ஒரு சுற்று டேப்புக்கே இரண்டு சதவீதம் வேகம் கூடும். அது நாற்பது வருடத்தில் மஞ்சளாகி இறுகி, பித்தளையோடு பித்தளையாகவே ஆகிவிட்டது. நான் நான்கு தடவை துடைத்தும் பழைய வார்னிஷ் என்றுதான் நினைத்தேன். 45இலும் 78இலும் ஒரு தடவை எண்ணிப் பார்த்திருந்தால் அவை சரியாக ஓடுவது தெரிந்திருக்கும். ஒரே ஒரு வேகம் மட்டும் பிசகினால் கோளாறு மோட்டாரிலும் இல்லை, சக்கரத்திலும் இல்லை, புல்லியின் அந்த ஒரு படியில்தான் என்று அப்போதே புரிந்திருக்கும். எனக்கோ 33 எல்பி மட்டும்தான் கையில் ஓடிக்கொண்டிருந்தது.

சித்தி பிளேடு கொண்டுவந்தாள். கண் சரியாகத் தெரியாததால் சித்தப்பா விரல் நுனியால் அந்தப் படியைத் தடவி, இங்கே என்று காட்டினார், நான் உரித்தேன். மறுபடி எண்ணினேன், நூறு. நாதஸ்வர பிளேட் பற்றி அன்றைக்கே சொல்லிவிட்டேன். கையில் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ஸ்பிரிட்டு போட்டியாக்கும்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை, உறையில் போட்டு அலமாரியில் வைத்துக்கொண்டார்.

கை தானாகத் திரும்புவது இன்னும் முழுசாகச் சரியாகவில்லை, மாதம் ஒரு முறையாவது நடுப்பாட்டில் எழுந்துகொள்கிறதாம். போன வாரம் போனபோது திறந்து பார்க்கிறேன் என்றேன். நீ ஒன்றையும் தொடாதே என்று சொல்லிவிட்டு, அவரே கையைப் பிடித்துத் திரும்ப விட்ட இடத்தில் வைத்தார்.